உம்முடைய பை ஊத்தையாகிவிட்டது, மச்சாள்

சுள்ளென்று பேசிக் கலகலவென்று சிரிக்கிற என் யோகம் மச்சாளுக்கு,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "சுத்தி வளைக்காமல் விஷயத்துக்கு வாரும்" என்று அங்கிருந்தே சத்தம் போடுவீர். உம்முடைய பை ஊத்தையாகிவிட்டது. அடியெல்லாம் சேறு, வாரில் பாசி, பச்சைக் குட்டிப்பையில் மீன் மணம். எத்தனை தரம் சவர்க்காரம் போட்டும் சேற்றுக் கறை போகவில்லை. இப்போது முற்றத்துக் கொடியில் தலைகீழாகத் தொங்குகிறது. காகம் எச்சம் போட்டுவிடும் என்று பக்கத்தில் கதிரை போட்டுக் காவலிருக்கிறார் அண்ணை.

ஓம், அண்ணைதான். உம்முடைய மனுசன். சுகமாக இருக்கிறார். காலையில் என்னோடு சண்டையும் பிடித்தார். அவர் சண்டை பிடிக்கிறார் என்றால் எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று உமக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உம்முடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டுப் புத்தகத்தைப் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர். அன்பின் உறைவிடம், பொறுமையின் சிகரம் என்றெல்லாம் வழவழத் தாளில் போட்டிருந்தார்கள். பொறுமையா? உமக்கா? மெசினில் நூல் அறுந்தால் மெசினின் பரம்பரையையே திட்டுகிற உமக்கா? அதில் உம்முடைய பையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தக் கோபத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நாலு பேர் வாசிக்கட்டும் என்றுதான் அச்சிலும் போடக் கொடுக்கிறேன்.

அது தொடங்கிய நாள் நினைவிருக்கிறதா? என் மகன் கஜன் நோர்வேயிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது மலை ஏறுகிற பை ஒன்றைக் கொண்டுவந்தான். முதுகில் ஒரு பெரிய பை. அதன் மேல் கிடையாக வரிவரியாய் நாடா தைத்து, அந்த நாடாக்களில் சின்னச் சின்னப் பைகளைக் கொழுவியிருந்தார்கள். வேண்டுமானால் பூட்டலாம், வேண்டாவிட்டால் கழற்றலாம். அவன் கீரிமலைக்குக் குளிக்கப் போனான். திரும்பி வந்து பார்த்தால் பை உம்முடைய தையல் மேசையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒவ்வொரு தையலையும் நூல் பிரித்து வைத்திருந்தீர்.

"மாமி! உது என்ன விலை எண்டு தெரியுமோ?" என்று அழாக்குறையாகக் கேட்டான்.

"விலை தெரியாது மருமகன். தையல் தெரிஞ்சு போச்சு" என்றீர்.

அன்று பின்னேரமே அதை மறுபடி தைத்துக் கொடுத்தீர். எது பழைய தையல், எது புதுத் தையல் என்று அவனால் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லையாம். போன கிழமையும் தொலைபேசியில் சொன்னான்.

நீர் ஏன் அப்படிப் பாய்ந்து விழுந்து அதைப் பிரித்துப் பார்த்தீர் என்பது எனக்குத் தெரியும். இடம்பெயர்ந்து போன காலத்தில் உங்கள் வீட்டுப் பெரிய பை சனத்துக்குள் தவறிப்போனது. காணி உறுதிப் பத்திரம், பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், உம்முடைய அம்மாவின் மருந்து எல்லாம் அந்த ஒரு பைக்குள்தான். "ஒரு பைக்குள்ளை முழுக் குடும்பத்தையும் வைச்சால், பை போகேக்கை எல்லாம் போகும்" என்று நீர் அடிக்கடி சொல்வீர். அழாமல்தான் சொல்வீர். சொல்லிவிட்டு மெசினை இன்னும் வேகமாக மிதிப்பீர்.

அப்படித்தான் எங்கள் ஒழுங்கைக்குத் தாய்ப்பையும் குட்டிப்பைகளும் வந்தன. பெயரும் நீர் வைத்ததுதான். லொறி மூடுகிற படங்குத் துணியில் தாய்ப்பை. கரையூர்ச் சொந்தக்காரர் தந்த, வலை பொத்துகிற நைலோன் நூலில் தையல். சிவப்புக் குட்டி மருந்துக்கு, நீலக் குட்டி உறுதிக்கும் அடையாள அட்டைக்கும், மஞ்சள் குட்டி ரோச் லைற்றுக்கும் நெருப்புப் பெட்டிக்கும், பச்சைக் குட்டி சாப்பாட்டுக்கு. நாடாவுக்குள் நாக்கை நுழைத்துப் பொத்தானை அமத்தினால் தாயோடு ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு இழுத்தாலும் வராது. பொத்தானைக் கழற்றினால் தனியாகக் கையோடு வந்துவிடும். எந்த வீட்டுக் குட்டியும் எந்த வீட்டுத் தாயிலும் ஏறவேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே இடைவெளியில் தைத்தீர்.

ஆனால் தோள் வாரை மட்டும் ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைத்தீர். நீட்டிச் சுருக்குகிற கொக்கி வைத்தால் என்ன என்று நான் கேட்டதற்கு, "வெள்ளம் வாசலிலை நிக்கேக்கை கொக்கியை இழுத்துக்கொண்டு நிக்கிறதோ? வாருக்குள்ளை கையை விட்டால் வீட்டை விட்டு வெளிக்கிடவேணும்" என்றீர். மாதர் சங்கக் கூட்டம் முடிந்ததும் அளவுநாடாவும் கையுமாகக் கோயில் மண்டபத்தில் நின்று, ஒழுங்கையில் இருந்த எல்லாரையும் திருப்பித் திருப்பி அளந்தீர். அண்ணை மட்டும்தான் தப்பி ஓடினார். அவரைத் தெரியும்தானே, இடது தோளில் துவாயைப் போட்டுக்கொள்ளாமல் படலைக்கு வெளியே வராத மனுசன். "எனக்கு வேண்டாம். இவவின்ரை பையை நான் காவுவன்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். நீரும் விட்டுவிட்டீர். நீர் ஒரு விஷயத்தை அவ்வளவு லேசில் விட்டதே இல்லை என்று அன்றே எனக்குப் பட்டிருக்க வேண்டும்.

பிறகு வந்ததே அந்த வெள்ள ஒத்திகை! நினைத்தால் இப்போதும் வயிறு நோகச் சிரிப்பு வருகிறது. பிள்ளையார் கோயில் மணி அடித்ததும் ஒவ்வொரு வீட்டாரும் பையோடு கோயிலடிக்கு வரவேண்டும் என்று கிராம அலுவலர், எங்கள் விதானையார், சொல்லியிருந்தார். மணி அடித்தது. எல்லாரும் வந்தார்கள். ஒருவரின் முதுகிலும் உம்முடைய பை இல்லை! எல்லாரின் கையிலும் காது அறுந்த ஷொப்பிங் பை. நீர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நடுவில் நின்றீர்.

"எங்கை நான் தைச்ச பையள்?"

முன்வீட்டு லீலா அக்காதான் வாயைத் திறந்தா. "ஐயோ யோகம், அது புதுசெல்லோ. உந்தச் சேத்துக்குள்ளை கொண்டு வந்தால் ஊத்தையாப் போயிடும். அலுமாரியிலை பத்திரமா வைச்சிருக்கிறன்."

"நான் மகள் பெரியபிள்ளையானால் சாமத்திய வீட்டுக்கு எடுப்பம் எண்டு வைச்சிருக்கிறன்" என்றது இன்னொரு குரல்.

ஒழுங்கை முடிவில் இருக்கிற பொன்னுத்துரை தலையைச் சொறிந்தார். "எங்கடை அலுமாரித் திறப்பு மகனோடை கொழும்புக்குப் போட்டுது."

நீர் என்னைத் திரும்பிப் பார்த்தீர். "நீருமோ?"

நானும்தான். பொலித்தீனில் சுற்றி, பூச்சி உருண்டை போட்டு, அலுமாரியின் மேல் தட்டில் வைத்திருந்தேன். என்ன செய்வது, நாங்கள் கதிரை வாங்கினால் அதன் உறையைக் கழற்றாமலே பத்து வருஷம் இருக்கிற சனம். நல்ல கோப்பையை விருந்தாளிக்கென்று வைப்போம். விருந்தாளி வந்தால், இன்னும் நல்ல விருந்தாளி வரட்டும் என்று வைப்போம்.

அடுத்த நாள் நீர் செய்ததைப் போல உலகத்தில் வேறு எந்தத் தையல்காரியும் செய்திருக்கமாட்டாள். ஒரு வாளி நிறைய வயல் சேற்றைக் குழைத்து எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனீர். அலுமாரியைத் திறக்கச் சொல்லி, பையை வெளியே எடுத்து, நீரே இரவு பகலாகத் தைத்த பையில் இரண்டு கை சேற்றை அள்ளிப் பூசினீர். லீலா அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டா.

"இப்ப ஊத்தையாப் போச்சு. இனி ஊத்தையாகும் எண்ட பயமில்லைத்தானே? எடுத்துப் பாவியுங்கோ!"

அன்றிலிருந்துதான் பைகளுக்கு உயிர் வந்தது. தாய்ப்பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்க வேண்டும், குட்டிகள் பகலில் ஊர் சுற்றலாம், பொழுதுபட முதல் தாயிடம் வந்துவிட வேண்டும். அதுதான் நீர் போட்ட சட்டம். பச்சைக் குட்டி சந்தைக்குப் போனது. மஞ்சள் குட்டி தோட்டத்துக்கு இறைக்கப் போனது. லீலா அக்காவின் சிவப்புக் குட்டிக்குள் மருந்தோடு வெற்றிலையும் ஏறியது. பொன்னுத்துரை எதைக் கொண்டு திரிந்தார் என்று நான் அச்சில் எழுதமாட்டேன். அவருடைய மனுசி வாசிப்பா.

அதன் பிறகு உமக்கு மாறாத வருத்தம் என்று தெரிந்தது. அதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. அழுவதற்கு வேறு நாட்கள் இருக்கின்றன. ஆசுப்பத்திரிக்குப் போய் வந்த நாட்களின் இடையில் நீர் இன்னுமொரு பை தைத்தீர். நான் பக்கத்தில் இருந்து நூல் சுற்றித் தந்தேன். உமக்கென்று ஒன்றும் இல்லாமல் இருந்ததால், அது உமக்குத்தான் என்று நினைத்தேன். தைத்து முடித்து, நீரே எழுந்துபோய்க் கதவுக்குப் பின்னால் கொழுவிவிட்டு, "இனிச் சரி" என்றீர்.

நான் அந்தப் பையைப் பார்த்தேன், மச்சாள். இடது வார் வலது வாரைவிட இரண்டு விரல் குட்டை. பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பிலிருந்து உம்மைத் தெரியும் எனக்கு. ஒரு நூல் அளவுக்குக்கூட உம்முடைய கை பிசகியதில்லை. கை நடுங்கத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். உம்மிடம் ஒன்றும் சொல்லாமல் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். எதற்கு முகம் கழுவினேன் என்று நீரும் கேட்கவில்லை.

ஆவணியில் நீர் போய்விட்டீர். அந்தியேட்டி முடிந்த அடுத்த நாள் பார்த்தால் ஆணி வெறுமையாக இருக்கிறது. அண்ணை பையை உம்முடைய மாம்பழ நிறச் சேலையால் சுற்றி, நீர் சீதனமாகக் கொண்டுவந்த முதிரை மர அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அண்ணை, அவ உதை ஆணியிலைதானே கொழுவினவ?" என்று கேட்டேன்.

"கண்டவையும் எடுத்துப் பாக்கினம். விடு பிள்ளை."

அதோடு அவரும் பூட்டிக்கொண்டார். தோட்டத்துக்குப் போவதில்லை. சந்தைக்குப் போவதில்லை. நான் கொண்டுபோன சோறு அப்படியே காய்ந்து கிடக்கும். சீனி வருத்தத்துக்கு நீர் நேரம் தவறாமல் போட்டுவிட்ட ஊசியை, நினைத்தால் போடுவார், இல்லாவிட்டால் இல்லை. மருந்தை ஒரு ஷொப்பிங் பைக்குள் போட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் எறிந்து வைத்திருந்தார். திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். உம்மைப் பறிகொடுத்தோம், இந்த மனுசனையும் இப்படியே இருத்திவைத்துப் பறிகொடுக்கப் போகிறோமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. உம்முடைய படத்துக்கு முன்னால் நின்று, "இவரை என்ன செய்யிறது, சொல்லும்" என்று பலமுறை கேட்டேன். நீர் மாலையோடு சும்மா சிரித்துக்கொண்டிருந்தீர்.

கார்த்திகையில் மழை பிடித்தது. விட்டுவிட்டுப் பெய்கிற மழை இல்லை, வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிற மழை. கடலேரி நிரம்பி வாய்க்கால் வழியாகத் திரும்பி ஊருக்குள் ஏறத் தொடங்கியது. மத்தியானச் சோறு அடுப்பில் இருக்கும்போது பிள்ளையார் கோயில் மணி அடித்தது. இந்த முறை ஒத்திகை இல்லை.

நீர் பார்த்திருக்க வேண்டும், மச்சாள்! நான் என் பையைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்கு இறங்கினால், ஒவ்வொரு படலையிலும் ஒரு தாய்ப்பை. சேறு பிடித்து, நிறம் மங்கி, எண்ணெய்க் கறை ஏறிப் பாவித்துப் பாவித்து மெத்தென்று ஆன பைகள். எல்லாருடைய முதுகிலும் வார் சரியாக உட்கார்ந்திருந்தது. ஒருவரும் அலுமாரித் திறப்பைத் தேடவில்லை. ஒருவரும் உறுதியைக் காணவில்லை என்று கத்தவில்லை. லீலா அக்கா முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு சிவப்புக் குட்டியைத் திறந்து ஒரு வாய் வெற்றிலை போட்டா. எனக்குப் பெருமையில் நெஞ்சு முட்டியது. உம்முடைய பெயரைச் சொல்லிக் கத்தவேண்டும் போல இருந்தது.

மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனதும் விதானையார் தலைகளை எண்ணிப் பார்த்தார். அண்ணையைக் காணவில்லை.

நானும் பொன்னுத்துரையும் திரும்பி ஓடினோம். ஓடினோம் என்று சும்மா சொல்கிறேன், தொடையளவு தண்ணீரில் என்ன ஓட்டம். வீட்டுக்குள் முழங்கால் வரை வெள்ளம். அண்ணை அலுமாரிக்கு முன்னால் நின்று இரண்டு கையாலும் கதவை இழுத்துக்கொண்டிருந்தார். திறப்பு சுழல்கிறது, கதவு வரவில்லை. முதிரை ஊறி இறுகிவிட்டது. மருந்து கிடந்த ஷொப்பிங் பை அவருடைய மணிக்கட்டில் தொங்கியது, ஒரு காது ஏற்கெனவே அறுந்துவிட்டது. துவாயை வெள்ளம் கொண்டுபோய்விட்டது போல, தோள் வெறுமையாக இருந்தது.

"அண்ணை, வாங்கோ. தண்ணி ஏறுது."

"நீ போ பிள்ளை. நான் உதை எடுத்துக்கொண்டு வாறன்."

"பை கிடக்கட்டும்! வடிஞ்ச பிறகு எடுக்கலாம்."

"வடிஞ்ச பிறகு ஆரும் வந்து உடைச்சுத் திறந்து, உதைத் தூக்கிப் பாத்து…" கதவை இன்னொரு தரம் இழுத்தார். "அவ ஒருநாளும் பிழையாத் தைக்காதவ, பிள்ளை. உந்த ஒண்டுதான். கை ஏலாமல் தைச்சது. அதை ஒருத்தரும் பாக்கக்கூடாது. பாத்திட்டு, யோகம் கடைசியிலை வார் தைக்கத் தெரியாமல் போனவ எண்டு கதைக்கக்கூடாது."

அவரும் பார்த்திருக்கிறார். அந்த இரண்டு விரல் குட்டையை அவரும் கண்டு, என்னைப் போலவே ஒன்றும் கேளாமல், உம்முடைய பெயரில் ஒரு சொல் விழக்கூடாது என்று பூட்டி வைத்திருக்கிறார். நான் துக்கத்தில் பூட்டியதாக நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் பைக்காக வெள்ளத்துக்குள் நிற்கப்போகிறார். பையை விட்டு அவரை இழுத்துக்கொண்டு போக முடியாது என்பது அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

பொன்னுத்துரை வெளியே போய் மாட்டுக் கொட்டிலில் இருந்த இரும்பு அலவாங்கைக் கொண்டுவந்தார். "அண்ணை, தள்ளி நில்லுங்கோ."

அண்ணை உம்முடைய சீதன அலுமாரியைப் பார்த்தார். கதவில் செதுக்கிய தாமரையைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"கொண்டா உதை. அவவின்ரை அலுமாரியை நான்தான் உடைப்பன்."

மன்னித்துக்கொள்ளும், மச்சாள். நாலே குத்தில் தாமரை போய்விட்டது. சேலைச் சுற்றை அவிழ்த்துப் பையைக் கையில் எடுத்தார். எடுத்துவிட்டு அதைக் குழந்தைபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாரே தவிர, அசையக் காணோம். வெளியே இழுப்பு வேகமாக இருந்தது. நாங்கள் வரும்போது மரத்துக்கு மரம் கட்டிவந்த கயிற்றைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும்.

"முதுகிலை போடுங்கோ அண்ணை! உதென்ன பகிடியே விடுறியள்?" என்று பொன்னுத்துரை கத்தினார்.

அண்ணை வலது கையை நுழைத்தார். இடது கையை நுழைத்தார். நான் பின்னால் நின்றேன். உம்மைப் பற்றி இனி என்ன சொன்னாலும் அந்த நேரத்தைச் சொல்லாமல் இருக்கமாட்டேன். பை அவருடைய முதுகில் நேராக உட்கார்ந்தது. நீர் தைத்த நாடா வரிகள் ஒவ்வொன்றும் மட்டப்பலகை வைத்துப் பார்த்ததுபோல ஒரே கிடையில் நின்றன. குட்டை வார் அவருடைய இடது தோளில் அப்படியே பொருந்தியது.

இதை இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும். அண்ணை இளந்தாரியாக இருந்தபோது பனையிலிருந்து விழுந்து தோளெலும்பை முறித்துக்கொண்டவர். முறிவு நெரிவுப் பரியாரியார் கட்டி எலும்பு பொருந்தியது, ஆனால் இடது தோள் இரண்டு விரல் இறங்கிவிட்டது. உம்மைக் கலியாணம் பேசி வந்தபோது எங்கள் அம்மா, "இடப்பக்கத்துச் சால்வையை எடுத்திடாதை" என்று சொல்லித்தான் அவரை உங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தா. பிறகு சால்வை போய்த் துவாய் வந்தது. தோள் இறங்கியது உமக்குத் தெரியாது என்றே அத்தனை வருஷமும் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அண்ணையும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். நீரும் ஒரு சொல் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் ஒழுங்கை முழுக்கக் கேட்கிற நீர், இதை மட்டும் எப்படி அவ்வளவு காலம் பேசாமல் வைத்திருந்தீர்?

அண்ணை ஒரு அடி எடுத்து வைத்தார். தோளைக் குலுக்கிப் பார்த்தார்.

"பிள்ளை, இது வழுக்கேல்லை" என்றார். அந்தத் தோளில் எதைப் போட்டாலும் வழுக்கி விழும். பள்ளிக்கூடப் பையிலிருந்து உரப் பை வரைக்கும் வழுக்காதது ஒன்றும் இல்லை.

"அண்ணை, உது அவவுக்குத் தைச்சதில்லை. உங்களுக்குத் தைச்சது" என்றேன்.

"நான் அளவெடுக்க விடேல்லையே!" என்றார். பிறகு மெதுவாக, "எப்ப அளவெடுத்தவ?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, வீட்டுக்குள் ஏறிய வெள்ளத்தின் நடுவில், உடைந்த அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கத் தொடங்கினார். கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தார். ஆவணிக்குப் பிறகு நான் அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை. பொன்னுத்துரைக்கு ஒன்றும் விளங்காமல், "மனுசனுக்கு விசர் பிடிச்சிட்டுது, கெதியா இழுங்கோ" என்றார்.

மருந்தை அந்தப் பையில் நீர் பூட்டிவைத்திருந்த சிவப்புக் குட்டிக்குள் போட்டுப் பொத்தானை அமத்தினோம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தோம். பள்ளிக்கூடத்தில் அண்ணையின் பையில் அந்தச் சிவப்பைத் தவிர வேறு குட்டி இல்லை என்று லீலா அக்காதான் கண்டா. தன்னுடைய பச்சைக் குட்டியைக் கழற்றி, பிஸ்கற்றோடு அப்படியே அண்ணையின் பையில் பூட்டிவிட்டா. பிறகு ஒருவர் மஞ்சளைக் கழற்றினார், இன்னொருவர் தண்ணீர்ப் போத்தலோடு ஒன்றைக் கொண்டுவந்தார். எல்லாக் குட்டியும் எல்லாத் தாயிலும் ஏறும்படி நீர் ஏன் தைத்தீர் என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அண்ணை அசையாமல் நின்றார், ஆட்கள் ஒவ்வொருவராக வந்து அவருடைய முதுகில் பூட்டிக்கொண்டே இருந்தார்கள். பின்னேரம் ஊசியையும் தானே கேட்டுப் போட்டுக்கொண்டார். பொன்னுத்துரையும் தன்னுடைய குட்டியைத் தருகிறேன் என்றார். அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்ததால் நான்தான் வேண்டாம் என்றேன்.

வெள்ளம் வடிந்து பொங்கலும் முடிந்துவிட்டது. இப்போது கேளும், எங்கள் வீட்டுப் புதினங்களை.

அண்ணை துவாயை விட்டுவிட்டார். ஓம், நம்பும். இறங்கின தோளோடு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, உம்முடைய பையைப் போட்டுக்கொண்டு, பஸ் ஏறிச் சாவகச்சேரிச் சந்தைக்குப் போகிறார். மரக்கறிக்காரியோடு பேரம் பேசுகிறார். வார் ஏன் ஒரு பக்கம் குட்டை என்று எவராவது கேட்டால் போதும், பஸ் வருமட்டும் நின்று கதை சொல்கிறார். ஊசியை நேரத்துக்குப் போடுகிறார். நேற்று என் குழம்பில் உப்புக் கூட என்றார். உண்மையில் கூடத்தான், ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

அலுமாரிக் கதவை அவர் திருத்தவேயில்லை. திறந்தபடியே இருக்கிறது. உள்ளே நீர் விருந்தாளிக்கென்று பூட்டி வைத்திருந்த பீங்கான் கோப்பைகள் இருந்தன. எங்களுக்கெல்லாம் சேறு பூசிய மனுசி தன்னுடைய கோப்பையை மட்டும் பூட்டி வைத்திருந்திருக்கிறீர், கள்ளி! இப்போது தினமும் அதில்தான் தேத்தண்ணி. பொன்னுத்துரைக்குக்கூட அதில்தான்.

நெல்லியடியிலிருந்து என் பெரியம்மாவின் மகள் பேசினாள். அவர்களுடைய பக்கத்துக்கும் பை வேண்டுமாம். உம்முடைய மெசினைத் துடைத்து எண்ணெய் விட்டு நான்தான் அதில் தைக்க இருந்திருக்கிறேன். முதல் பையில் வலது வாரும் இடது வாரும் வேறு வேறு நீளத்தில் வந்துவிட்டன. அது எவருடைய தோளுக்கும் பொருந்தாத உண்மையான பிழை. மூன்று தரம் பிரித்துத் தைத்தேன். நூல் அறுந்தபோது மெசினின் பரம்பரையைத் திட்டினேன், அண்ணை வாசலில் நின்று திடுக்கிட்டுப் பார்த்தார்.

அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருக்கிறது. "எப்ப அளவெடுத்தவ?" நித்திரையில் எடுத்திருப்பாவோ என்கிறார். சட்டையை வைத்து எடுத்திருப்பாவோ என்கிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை. உமக்கு அளவுநாடா தேவைப்பட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன். அத்தனை வருஷம் அந்தத் தோளில் தலை வைத்தவர் நீர். சரிதானே, மச்சாள்? வெட்கப்படாமல் சொல்லும்.

வருஷம் முடிகிற உம்முடைய ஆட்டைத் திவசத்தன்று அந்தப் பையைக் கழுவி, மாலை போட்டு, படத்துக்கு முன்னால் வைக்கவேண்டும் என்று சொந்தக்காரர் சிலர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். நான் விடமாட்டேன். இது சத்தியம். அன்றைக்குக் காலமை அது அண்ணையின் முதுகில் சாவகச்சேரிச் சந்தைக்குப் போய், உம்முடைய படையலுக்குக் கத்தரிக்காயும் வாழைக்காயும் சுமந்துகொண்டு ஊத்தையாகத்தான் வீட்டுக்கு வரும். பொழுதுபட்டதும் கதவுக்குப் பின்னால் நீர் கொழுவிய அதே ஆணிக்குப் போகும். படங்குத் துணி நைந்துபோகுமட்டும் அவர் அதைப் போடுவார். நைந்துபோனால் புதிதாக நான் தைத்துக் கொடுப்பேன், இடது வாரை இரண்டு விரல் குட்டையாக.

இப்படிக்கு,
உம்முடைய அளவுநாடாவைக் கழுத்தில் போட்டிருக்கிற,
உம்முடைய ஒரே மச்சாள்,
ராணி